இராமேசுவரத் தீவில் சைக்கிள் பிரயாணம்

சங்கத்து அன்பர்கள் எங்களைக் காணும் இடத்திலெல்லாம், "முப்பது வயதைக் கடந்த பிறகு சைக்கிள் பைத்தியம் எதற்கு?" என்று கேட்டு வருகின்றனர். இவ்வினாவுக்குத் தனித்தனியே விடை கூறி அலுத்துவிட்டபடியால், நம் இதழிலேயே எழுதிவிடுவது என்று முடிவு செய்தோம். நாங்கள் மூவர். பாலக்காட்டில் இரயில்வே குமாஸ்தாவாக உள்ளவர் ஒருவர். கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பும் நான்கு மாடுகளும் வைத்திருப்பவர் ஒருவர். மூணாற்றில் ஜீப் ஓட்டுபவர் ஒருவர். மூவரும் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர்கள். ஆகையால் இக்கட்டுரையில் பெரிய ஆராய்ச்சி எதையும் எதிர்பார்க்க வேண்டா.

விதை விழுந்தது ஜப்பான் தேசத்திலிருந்து. அங்கே அவாஜி என்றொரு தீவு உண்டு. அதைச் சுற்றிவர ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கடலோரமாகவே செல்லும் சாலையில் ஆணும் பெண்ணும் சைக்கிள் மிதித்துச் செல்லும் படங்களைத் தோப்புக்கார நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டினார். அத்தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பெரும் தொங்கு பாலம் 1998இல் திறக்கப்பட்டது. ஆனால் அப்பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லையாம். சைக்கிள்காரர்கள் படகில் ஏறித்தான் தீவை அடைய வேண்டும். இதைக் கேட்டவுடன் மூணாற்று நண்பர், "நம் ஊரில் சைக்கிளை விடுகிற பாலமே இருக்கிறதே!" என்றார். பாம்பன் சாலைப் பாலத்தைத்தான் சொன்னார். அன்றே பிரயாணம் நிச்சயமாயிற்று.

அவர் அப்பாலத்தை நினைத்ததற்குக் காரணம் வேறு. அவருடைய தாயார் இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நம் இல்லங்களிற் பலவும் அறியும். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, நெல் அளப்பதுபோல் மக்களை அளந்த ஒப்பந்தம் அது. அம்மையாரின் பெற்றோர் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தனர்; மணமாகியிருந்த மூத்த மகள் கணவனோடு இலங்கைக்கு எழுதிக் கொடுத்தாள். 1973இல், ஒன்பது வயதுச் சிறுமியாக, இராமானுஜம் என்னும் கப்பலில் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்து இறங்கியவர் இத்தாயார். பின்னர் நீலகிரி, பின்னர் மணமாகி மூணாறு. முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்று, லயத்து வீட்டையும் ஒப்படைத்துவிட்டு, இப்பொழுது மகனோடு வாடகை வீட்டில் இருக்கிறார். அக்காளிடமிருந்து வந்துகொண்டிருந்த கடிதம் 1983 கலவரத்தோடு நின்றுவிட்டது. அதன் பிறகு செய்தி இல்லை.

பிரயாணத்தைக் கேள்விப்பட்ட அம்மையார் மகனிடம் வேறொன்றும் கேட்கவில்லை. "அந்தத் தண்ணியோரம் நின்னு, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துட்டு வா ராசா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மாசி மாதத் தொடக்கத்தில் புறப்பட்டோம். முன்னாளில் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாக இராமேசுவரத்துக்கு மீட்டர் கேஜ் வண்டி ஓடியது. நம் பகுதி முதியோர் அதில் கட்டுச்சோற்று மூட்டையோடு சேது யாத்திரை சென்று வந்த கதைகளை இன்றும் சொல்வர். அகலப் பாதை வேலைக்காக 2008இல் பாலக்காடு–பொள்ளாச்சிப் பகுதி மூடப்பட்டு, 2015இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. நாங்கள் மதுரை வரை இரயிலில் சென்றோம். முதல் நாளே பார்சல் ஆபீசில் சைக்கிள்களைப் பதிந்து, முன் சக்கரத்தில் சாக்கைச் சுற்றி, சீட்டுக் கட்டிக் கொடுத்தோம். இரயில்வே ஊழியருக்குப் பாஸ் உண்டு. அவர் சைக்கிளுக்கு இல்லை. மூணாற்று நண்பர் முதல் நாள் காலையிலேயே போடிமெட்டு இறக்கத்தைச் சைக்கிளில் இறங்கிப் போடிநாயக்கனூர் வழியாக மதுரைக்கு வந்து சேர்ந்திருந்தார். அவ்விறக்கத்தின் கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். ஆதலால் அது வேறோர் இதழுக்கு ஆகட்டும். மதுரையிலிருந்து ஒரு சரக்கு வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு மாலையில் மண்டபத்தை அடைந்தோம்.

மண்டபத்தில் 'மண்டபம் கேம்ப்' என்றே ஓர் இரயில் நிலையம் இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை நோய்ச் சோதனைக்காகச் சில நாட்கள் நிறுத்தி வைத்த முகாம் அங்கே இருந்தது. போகும்போது தடுத்து நிறுத்திய அதே இடந்தான், ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்தவர்களையும் ஏற்றது. 1983க்குப் பின் வந்த அகதிகளையும் ஏற்றது. மூணாற்று நண்பர் நிலையத்துப் பெயர்ப் பலகையின் அடியில் சைக்கிளை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டார். "அம்மா இங்கே நாலு நாள் இருந்தாங்களாம். சோத்துல கல் இருந்தது மட்டும் நினைவிருக்கு என்பாங்க" என்றார்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு விளக்கு வைத்துக்கொண்டு புறப்பட்டோம். எங்கள் வாகனங்களைப் பற்றி ஒரு சொல். இரண்டு, பழையதாக வாங்கிய கியர் சைக்கிள்கள். மூன்றாவது, தோப்புக்காரரின் தந்தையார் காலத்துக் கறுப்புச் சைக்கிள். பின்னால் பெரிய கேரியர், அதில் தண்ணீர்க் குடுவை, பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், இட்டிலிப் பொட்டலம் அனைத்தும். கனமான வண்டியை ஓட்டியவர் அவரே. அன்று முழுவதும் முன்னால் சென்றவரும் அவரே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பாலத்தில் ஏறியவுடன் காற்று எதிர்கொண்டது. பாலக்காட்டுக் கணவாயில் வாழும் நமக்குக் காற்று புதிதன்று. மார்கழி, தை மாதங்களில் கோவைப் பக்கத்திலிருந்து வீசும் கீழ்க்காற்றில் கஞ்சிக்கோட்டுச் சாலையில் சைக்கிள் மிதித்தவர் எவரும் அதை மறவார். ஆயினும் அங்கே காற்றுக்கு ஒதுங்க ஒரு சுவராவது மரமாவது உண்டு. இங்கே இரு புறமும் கடல். காற்றுக்கும் நமக்கும் இடையில் ஒன்றுமில்லை. வாடைக் காற்று இடப்பக்கம் முன்னாலிருந்து வந்து ஹாண்டில்பாரைத் திருப்பப் பார்த்தது. 2.345 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாலம் 1988 அக்டோபர் 2ஆம் நாள் ராஜீவ் காந்தியாரால் திறக்கப்பட்டது. அதற்கு முன் தீவுக்குள் ஒரு சைக்கிள் போகவேண்டுமானால் இரயிலிலோ படகிலோதான் போக முடியும். நடுப்பாலத்தில் இறங்கி நின்றபோது கிழக்கு வெளுத்தது. கீழே பாம்பன் மீனவர் வள்ளங்கள் கைவிரல் அளவில் தெரிந்தன.

இடப்பக்கம் இரயில் பாலம். இங்கே எங்களுள் இரயில்வேக்காரர் சற்று அதிகமாகவே பேசிவிட்டார் என்று மற்ற இருவரும் குறை கூறுகின்றனர். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பழைய பாலம் 1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரு கைகளைப் போல மேலே விரியும். அதை நெம்புகோல்களால் ஆட்களே திறந்தனர். காற்று அளவுக்கு மிஞ்சினால் வண்டிக்குச் சிக்னல் கிடைக்காது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு அடித்த பெரும் புயலில் அப்பாலத்தின் இரும்புச் சட்டங்களுள் நூற்றுக்கு மேற்பட்டவை கடலில் வீழ்ந்தன. விரியும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. சீர் செய்ய ஆறு மாதம் என்று முதலில் கணக்கிட்டனர். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர், கடலில் வீழ்ந்த சட்டங்களையே தேடி எடுத்து மீண்டும் ஏற்றி, 46 நாட்களில் வேலையை முடித்தார். அவர்தாம் ஈ. ஸ்ரீதரன், நம் பாலக்காட்டு மாவட்டத்துக் கருகப்புத்தூரில் பிறந்து, நம் விக்டோரியா கல்லூரியில் படித்தவர். கொங்கண் இரயில் பாதையும் டில்லி மெட்ரோவும் பின்னால் வந்தவை. பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு இரயில் நின்றது. இப்பொழுது வண்டிகள் ஓடுவது 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில். இதன் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று, கிணற்று வாளியைப்போல் நேராக மேலே தூக்கப்படுகிறது.

தீவுக்குள் இறங்கிப் பாம்பனில் தேநீர் அருந்தினோம். அங்கிருந்து தங்கச்சிமடம் வழியாக இராமேசுவரம் சுமார் 12 கிலோமீட்டர். வழியில் பனை மரங்களைக் கண்டதும் தோப்புக்காரர் உற்சாகம் கொண்டுவிட்டார். சித்தூர் தாலுகாவின் வயல் வரப்புகளில் நிற்கும் கரும்பனைகளைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். "மலையாள நாட்டில் பனை எங்களிடம்தான் இருக்கிறது என்று இறுமாந்திருந்தேன், இங்கே மணலிலேயே நிற்கிறதே!" என்றார். மீன் காயும் மணமும் பனையோலைச் சரசரப்பும் அவ்வழி முழுதும் கூடவே வந்தன. பேய்க்கரும்பில் அப்துல் கலாம் அவர்களின் நினைவகம் இருக்கிறது. நாங்கள் சென்ற நேரத்தில் கதவு திறக்கவில்லை. வெளியிலிருந்தே வணங்கினோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வண்டி இராமேசுவரத்தில் நிற்காமற் போனபோது, ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி விற்க உதவிய சிறுவன் அவர். முதற் கூலி இரயில் பாதையோரத்தில் கிடைத்தது என்பது எங்கள் இலாகாவுக்குப் பெருமை.

இராமேசுவரத்தில் கோயிலுக்குள் மூவரும் ஒருங்கே செல்ல முடியவில்லை; சைக்கிள்களுக்கு ஒருவர் காவல் நிற்க வேண்டியிருந்தது. மூன்றாம் பிராகாரத்தின் அழகைப் பற்றிப் பெரியோர் பலர் எழுதியிருக்கின்றனர். வெயில் ஏறுமுன் கல் தரையில் நடக்கும்போது பாதத்துக்குக் கிடைத்த குளிர்ச்சியை மட்டும் நாங்கள் குறிக்கிறோம். மூணாற்று நண்பர் அக்னி தீர்த்தக் கரையில் வலை சீர் செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், தலைமன்னார்க் கப்பல் எங்கே வந்து நிற்கும் என்று கேட்டார். முதியவர் தலை நிமிராமலே கையால் வடக்கே காட்டினார். "அந்தப் பக்கந்தான் தம்பி. சிலோன்காரங்க தகரப் பெட்டியோட இறங்குவாங்க. நாங்க சின்னப் பயலுக, வேடிக்கை பார்ப்போம்." பிறகு நிமிர்ந்து, "உங்க ஆளுக யாரும் வந்தாங்களா?" என்று கேட்டார். அம்மா வந்தார் என்றதும், ஓலைப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சங்கை எடுத்துக் கையில் வைத்தார். விலை கேட்டோம், கோபித்துக்கொண்டார்.

இராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தீவைச் சுற்றி வட்டமாக ஒரு சாலை இல்லை. அவாஜியோடு போட்டி போட இயலாது. தீவு போகப் போக ஒடுங்கி ஒரு விரலைப்போல் நீள்கிறது. அவ்விரலின் நடுவே ஒரு கோடு கிழித்தாற்போல் சாலை. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் முன்பெல்லாம் மணலில் வேன்கள்தாம் தடுமாறிச் செல்லும். 2017இல் முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகே எங்களைப் போன்றோருக்கு வழி பிறந்தது. கோதண்டராமர் கோயில் திருப்பத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் தோப்புக்காரரின் பின் சக்கரத்தில் சீமைக் கருவேல முள் ஏறியது. நிழலுக்கு ஒரு மரமில்லை. இருவர் மேல் துண்டைப் பிடித்து நிழல் தர, ஒருவர் ட்யூபை வெளியே எடுத்தார். துளையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் வேண்டும். குடிநீரைச் செலவிட மனம் வராமல் கடல் நீரில் அமிழ்த்திப் பார்த்தோம். துளை கிடைத்தது, ஆனால் உப்பு ஈரத்தில் ஒட்டு பிடிக்கவில்லை. இரண்டு முறை ஒட்டிப் பார்த்து, கடைசியில் குடிநீரால் கழுவித்தான் ஒட்டினோம். கடலோரம் சைக்கிளில் செல்ல எண்ணும் அன்பர்கள் மாற்று ட்யூப் ஒன்று எடுத்துச் செல்க.

அதற்குப் பின் இரு கடலும் அருகருகே வந்துவிட்டன. இடப்புறம் வங்கக் கடல், வலப்புறம் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அங்குள்ளோர் வழங்குகின்றனர். அது சாது, இது முரடு என்பது பொருள். நாங்கள் கண்டதோ நேர்மாறு. வாடைக் காற்றில் பெண்கடல் கலங்கி இரைந்துகொண்டிருந்தது. ஆண்கடல் பச்சைக் கண்ணாடியாய்க் கிடந்தது. மீன் பொரித்து விற்ற அம்மையார் ஒருவரிடம் இதைக் கேட்டோம். "தென்னல் காத்து வரட்டும், அவரு சுயரூபம் தெரியும்" என்றார். பக்கக் காற்று மணலை வாரிச் சாலையில் போட்டிருந்தது. தார் என்று எண்ணி மணலில் இறங்கி இருவர் சரிந்து விழுந்தோம், அடி ஒன்றுமில்லை.

பழைய தனுஷ்கோடியில் மாதா கோயிலின் சுவர்கள் நிற்கின்றன. இரயில் நிலையத்தின் எச்சமும் நிற்கிறது. சென்னையிலிருந்து வரும் போட் மெயில் இங்கேதான் பயணிகளை இறக்கும். அவர்கள் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்பு வண்டியைப் பிடிப்பர். 1914 முதல் ஐம்பது ஆண்டுகள் நடந்த ஏற்பாடு இது. புயல் இரவில், நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி இந்நிலையத்தை நெருங்கும் வேளையில் அலை அதை வாரிக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர், ஒருவரும் மீளவில்லை. அவ்வண்டியை ஓட்டியவரும் கொடி காட்டியவரும் எங்கள் இலாகா மனிதர்கள். அதற்குப் பின் இவ்வூருக்குப் பாதை போடப்படவில்லை. கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்படலாயிற்று. மூணாற்று நண்பர் தம் ஊர்க் கதையையும் நினைவூட்டினார். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிச் சென்ற குண்டளைப் பள்ளத்தாக்குச் சிறு இரயிலை 1924 வெள்ளம் அடித்துச் சென்றதை அவர் ஊர் முதியோர் இன்னும் சொல்கின்றனர். அங்கேயும் மறுபடி பாதை போடவில்லை. தண்ணீர் எடுத்த பாதை இரண்டையும் பற்றிப் பேசியவாறு, நிலையத்துச் சுவர் நிழலில் அமர்ந்து இட்டிலியைத் தின்றோம். மிளகாய்ப் பொடியில் மணல்.

அரிச்சல்முனையில் சாலை வட்டமாக முடிகிறது. நடுவில் சிங்கத் தலைத் தூண். அதற்கு அப்பால் மணல், பிறகு இரு கடலும் ஒன்றையொன்று முட்டும் நீர். தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை போய்ச் சிறிது திரும்பும் தூரம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மூணாற்று நண்பரின் கைபேசியில், இலங்கைக்குத் தங்களை வரவேற்கிறோம் என்று ஒரு செய்தி வந்து விழுந்தது. சைக்கிளில் இருந்தபடியே வெளிநாடு சேர்ந்துவிட்டார்! கட்டணம் ஏறிவிடுமோ என்று அஞ்சி அதை அணைத்துவிட்டு, எங்கள் கைபேசியிலிருந்து தாயாரை அழைத்தார்.

"அங்கே நிக்கிறியா ராசா? என்ன தெரியுது?"

"தண்ணிதான் அம்மா. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம்."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படியா? எனக்கு நிறம் தெரியாது. அன்னைக்குக் கப்பல்ல எங்கம்மா முந்தானைக்குள்ள முகத்தை வெச்சுக்கிட்டே வந்துட்டேன். அக்கா கரையில நின்னு கையைக் காட்டுனா, அதையும் பார்க்கல. இங்க வந்து ரயில்ல ஏத்துனப்பத்தான் தலையைத் தூக்கினேன். பாலத்துல ஒரு சத்தம் கேட்டுச்சு பாரு, தடக்கு தடக்குன்னு, அடியில ஒண்ணுமே இல்லாத மாதிரி. அதுதான் இன்னும் காதுல இருக்கு."

நண்பர் கைபேசியைக் கடல் பக்கம் நீட்டிப் பிடித்தார். காற்றின் இரைச்சல் மட்டுமே போயிருக்கும். அம்மையார் கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் இருவரும் சிப்பி பொறுக்குவதுபோல் சற்று விலகிச் சென்றோம்.

திரும்பும் வழியைப் பற்றி எழுத அதிகமில்லை. வெயில், உப்பு, தாகம். இராமேசுவரத்தில் ஆளுக்கு இரண்டு நுங்குச் சர்பத். போகவர ஏறக்குறைய 80 கிலோமீட்டர் என்பது கேட்பதற்குச் சிறிது. எங்கள் முழங்கால்களுக்குச் சிறிதாகப் படவில்லை. பாம்பனை அடைந்தபோது மாலை மங்கிக்கொண்டிருந்தது. காலையில் எதிர்த்த காற்று இப்பொழுது முதுகில் கை வைத்துத் தள்ளியது. பெடலை மிதிக்காமலே பாலத்தின் ஏற்றத்தில் பாதி ஏறிவிட்டோம்.

நடுப்பாலத்தில் மூணாற்று நண்பர் இறங்கிவிட்டார். சென்னை செல்லும் போட் மெயில் வரும் நேரம் என்று எங்கள் இரயில்வேக்காரர் சொல்லியிருந்தார். கப்பல் நின்று நாற்பது ஆண்டுகள் ஆகியும் வண்டிக்கு அந்தப் பெயர் நிற்கிறது. பத்து நிமிடம் காத்திருந்தோம். பாம்பன் பக்கத்தில் விளக்கு தெரிந்தது. நண்பர் மீண்டும் தாயாரை அழைத்து, "அம்மா, வண்டி வருது, கேளுங்க" என்று கைப்பிடிச் சுவருக்கு வெளியே கையை நீட்டிக் கைபேசியைப் பிடித்தார். தவறி விழுந்துவிடப் போகிறதே என்று தோப்புக்காரர் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பெட்டி பெட்டியாக வெளிச்சம் கடலின் மேல் ஓடிப் போயிற்று.

வண்டி கரையேறிய பிறகு, "கேட்டுச்சா அம்மா?" என்றார்.

"கேட்டுச்சு. ஆனா இது அந்தச் சத்தம் இல்லையே, ராசா."

பழைய பாலம் ஓய்ந்துவிட்டது, இது புதிது என்பதை விளக்க எங்கள் இரயில்வேக்காரர் கைபேசியை வாங்கினார். தண்டவாளத் துண்டுகளின் இணைப்பில் சக்கரம் தட்டுவதால் அச்சத்தம் எழுந்தது, இப்பொழுது அவற்றை நீளமாகப் பற்றவைத்துவிடுகின்றனர் என்று விவரமாகச் சொன்னார். அம்மையார் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க தம்பி. அவனைப் பத்திரமா கூட்டிட்டு வாங்க. இருட்டிப் போச்சு, விளக்கைப் போட்டுக்குங்க" என்றார்.

விளக்கைப் போட்டுக்கொண்டோம். மண்டபக் கரையில் வேன்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார்.